நண்டு ரசத்துக்குப் பேர்போன கடை

பாலாமணிச்சத்திரம் கடைத்தெருவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று இடங்கள் இருந்தன. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பரோட்டாக் கடையில் சாப்பாடு பேருக்குத்தான். சோறு ஆறியிருக்கும், குழம்பு நேற்றையதோ என்று சந்தேகம் வரும். கோயில் பக்கம் ஒரு சைவக் கடை உண்டு. அமாவாசை, கிருத்திகைக்கு அங்கே கூட்டம் வரும். மூன்றாவது மதி மெஸ். உரக்கடையைத் தாண்டி, புதுஆற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஓடு போட்ட நீளமான கட்டடம். பட்டுக்கோட்டைக்குத் தேங்காய் ஏற்றப் போகும் லாரிக்காரர்கள், பத்திர ஆபீஸுக்கு வந்தவர்கள், நெல் கொள்முதல் நிலையத்து ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் பசி வந்தால் அங்கேதான் போனார்கள்.

அங்கே சமைத்தவள் செந்தாமரை. அவள் கணவன் புகழேந்தி கல்லாவுக்கும் பந்திக்குமாக ஓடுவான். பரிமாறக் கண்ணுசாமி என்று கடைத்தெருக்காரர் ஒருவர். மகள் அறிவுமதி தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். அவள் பெயரின் பின்பாதிதான் கடையின் பெயர்.

குளத்து விரால் கிடைத்தால் விரால் குழம்பு, இல்லாவிட்டால் கெண்டை, அதுவும் இல்லாத நாளில் நாகப்பட்டினத்திலிருந்து பெட்டியில் வரும் கடல் மீன். எந்த மீனானாலும் குழம்பை முதல் நாள் சாயங்காலமே கூட்டி வைத்துவிட்டு, மீனை மறுநாள்தான் போடுவாள். மழை தொடங்கிவிட்டால் நண்டு ரசம். வரப்பு வளையில் கையை விட்டுப் பிடிக்கிற சின்ன வயல் நண்டு. ஓட்டோடு இடித்து, சாற்றை வடிகட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, நுரை கூடும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ரசத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள்.

பத்திர எழுத்தர் ரெத்தினம் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டது போக, டம்ளரிலும் வாங்கிக் குடிப்பார்.

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஊத்து. நெஞ்சுச் சளி எறங்குறது தெரியுது பாரு."

"வீட்டுக்கும் கொண்டுபோங்கண்ணே. தூக்குல ஊத்தித் தரேன்."

அந்தக் கட்டடம் துரைராசுவினுடையது. நஞ்சை நிறைய உள்ள மனிதர். மகன் வெளிநாட்டில். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, யாரோடும் சத்தம் போட்டுப் பேசாத சுபாவம். கட்டடம் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது. சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலில் தள்ளுவண்டியில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த புகழேந்தியும் செந்தாமரையும், கொரோனாவில் தொழிற்பேட்டை மூடிய பிறகு ஊர்ப்பக்கம் வந்து, கடைக்கு இடம் தேடி அலைந்தபோது அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

புகழேந்தி முதலிலேயே சொல்லிவிட்டான். "ஐயா, நாங்க வெண்ணாத்துக்கு அந்தப் பக்கம் காலனிங்க. பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு இப்பவே சொல்லிடறேன்."

துரைராசு கொஞ்ச நேரம் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சமையல் சுத்தமா இருந்தா எனக்குப் போதும்பா. நான் யார்ட்டயும் சொல்லப்போறதில்ல. நீங்களா வாயைத் தொறக்காதீங்க."

கடை திறந்த அன்று முதல் இலையில் உட்கார்ந்தவர் அவர்தான். மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காருவதற்கு மற்றவர்களுக்கு யோசனை எதுவும் வரவில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் மெட்ராஸ் என்று செந்தாமரை சொல்வாள். அது பொய்யும் இல்லை. சத்திரத்துக்காரர்கள் அதற்கு மேல் துருவவில்லை. துரைராசு சாப்பிடுகிற கடையில் துருவ என்ன இருக்கிறது. அவர் மனைவி நாகம்மாளுக்குச் சளி பிடித்தால்கூட நண்டு ரசம் இங்கிருந்துதான் போகும்.

சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் ஹம்தான் வந்தான். அதிராம்பட்டினத்துப் பையன். டெல்டாவில் எந்தச் சந்தில் எது நன்றாக இருக்கும் என்று தேடித் தேடிச் சாப்பிட்டு யூடியூபில் போடுகிறவன். கும்பகோணத்துக் கடப்பா, திருவையாற்று அசோகா, நாகூர் வாடா என்று பேர்பெற்றவற்றையெல்லாம் போட்டாகிவிட்டது. பேர் தெரியாத கடைகள்தான் அவனுக்கு இப்போது வேண்டும். தோளில் கேமராப் பையோடு மூலையில் உட்கார்ந்து, கேமராவை எடுக்காமலே முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டான். ரசத்தைக் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, இந்த ரசம் யாருக்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

புகழேந்தி அன்று தேங்காய் வாங்கப் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தான். இருந்திருந்தால் அவனே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். செந்தாமரை கரண்டியோடு நின்றாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று தினம் பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் கற்றாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அம்பத்தூரிலும் கேட்டதில்லை.

"எங்கம்மாட்ட" என்றாள்.

"அம்மா இருக்காங்களா? அவங்களப் பாக்கலாமா? நண்டு புடிக்கிறதையும் சேத்து எடுத்தா நல்லாருக்கும்."

செந்தாமரை கொஞ்சம் தயங்கினாள். பையன் ஆசையாகக் கேட்டான். நண்டு வளையையும் வரப்பையும்தானே எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் போனாள்.

அவள் அம்மா நீலாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, வளைக்குள் முழங்கை வரை விட்டு, ஒரு நண்டை இழுத்துக் காட்டினாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "பண்ணையில நடவு நட்டுட்டு வரப்ப இப்படித்தான் தம்பி மடி நெறய புடிச்சுக்கிட்டு வருவோம். கூலிய அவங்க எப்பக் குடுப்பாங்களோ, புள்ளைங்களுக்குக் கஞ்சிக்கு இதுதான்." திரும்பி வரும்போது ஹம்தான் தெருவையும் எடுத்தான். தெருமுனையில் நீலக் கோட்டுச் சிலை, அதன் பக்கத்துக் கொடிக்கம்பம், வாசலில் உரலில் நண்டு இடிக்கும் நீலாம்பாள். எல்லாம் வெளிச்சத்தில் அழகாக விழுந்தன.

அவன் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத பையன். அந்த வீடியோவுக்கு 'தஞ்சைச் சீமையில் தேடிப்போய்ச் சாப்பிட வேண்டிய நண்டு ரசம்' என்று பேர் வைத்தான்.

வீடியோ வந்த வாரம் கடைத்தெரு அதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார்கள் பாலம் வரை நின்றன. ஆட்கள் இலையைப் படம் எடுத்தார்கள், செந்தாமரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். கால் வீங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு வெட்கமும் சிரிப்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. புகழேந்தி மட்டும் வீடியோவை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தான்.

"தெருவ எடுக்க விட்டிருக்கக் கூடாது" என்றான்.

அந்தக் கூட்டத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. உள்ளூர்க்காரர்கள் இடம் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்றுதான் செந்தாமரை நினைத்தாள். ரெத்தினத்துக்காக ஒரு நாற்காலியை எடுத்து அடுப்படி வாசலில் போட்டு வைத்தாள். அவர் வரவில்லை. திங்கட்கிழமை கார்க் கூட்டம் குறைந்தது. மத்தியானம் ரெத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார். பரோட்டாக் கடைக்குத்தான் போகிறார்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "எடம் இருக்குண்ணே, வாங்க."

ரெத்தினம் குடையைக் கொஞ்சம் தாழ்த்தினார். "இல்லம்மா, வயிறு சரியில்ல" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. வயிறு சரியில்லாத மனிதர் பரோட்டாக் கடைக்குள் நுழைவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

வாத்தியார்கள் டிபன் கேரியர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கொள்முதல் நிலையத்து ஆட்கள் சைவக் கடைக்குப் போனார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே பார்த்தால் முன்பு போலவே தலையை ஆட்டினார்கள். உரக்கடைக்காரர்கூட, "என்னம்மா, மழை வருமாட்டம் இருக்கு" என்றார். உள்ளே மட்டும் வரவில்லை.

ஒரு நாள் பந்தி முடிந்ததும் கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நாளைலேர்ந்து வரலம்மா. வீட்ல சொல்றாங்க. பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாக்குறோம்."

"உங்களுக்கு என்னண்ணே தோணுது?" என்று கேட்டாள் செந்தாமரை.

அவர் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "எனக்கு என்னம்மா தோணணும். இத்தன நாள் உன் கையால சாப்பிட்டவன் நான். எனக்குத் தோணி என்ன ஆகப்போவுது."

விஷயம் சுற்றியிருக்கிற காலனிகளுக்கும் எட்டியது. அங்கிருந்து இளவட்டங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அக்கா, நாங்க இருக்கோம்க்கா என்றார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கடை வாசலில் நின்று படம் எடுத்து, 'நம்ம அக்கா கடை' என்று போட்டார்கள். அந்தப் படங்களும் சத்திரத்துக்காரர்களின் போனுக்கு வந்தன. அதுவரை பட்டும் படாமலும் வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அதன் பிறகு நின்றுபோனார்கள். வரவேண்டாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் செந்தாமரையால் எப்படிச் சொல்ல முடியும். அன்போடு வந்தவர்கள். அவர்களுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அவள் மனசு கனத்தது. அப்படிக் கனக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் பத்து மைல் வந்து சாப்பிட்டுப் போக முடியுமா?

துரைராசு வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உரக்கடைத் திண்டில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு நாள் அவளே போனாள்.

"ஐயா, உங்களுக்கு மொதல்லயே தெரியுமேங்கய்யா."

"தெரியும்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது வேற. இப்ப ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சே உங்கள வச்சிருந்தேன்னும் தெரிஞ்சுபோச்சு."

"நீங்க ஒரு நாள் வந்து ஒக்காந்தாப் போதும்யா. எல்லாரும் வந்துருவாங்க."

துரைராசு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வீட்ல நாகம்மா எங்கூடப் பேசறதில்ல. உங்க கடையிலேர்ந்து வந்த தூக்கை எடுத்துக் கொல்லையில போட்டுட்டா. அவ குடிச்ச ரசத்துக்கு இன்னிக்கு அழுவுறா. நான் என்ன செய்ய முடியும் சொல்லு? எனக்கு அந்தக் குழம்ப நெனச்சா நாக்குல எச்சி ஊறுது. அதுக்காக?"

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சனிக்கிழமை அறிவுமதி வந்தாள். கடையைப் பார்த்தாள், அடுப்பில் மிஞ்சிக் கிடந்த குழம்பைப் பார்த்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கேஸ் போடலாம்மா. சட்டம் இருக்கு."

"யாரு மேல?" என்றான் புகழேந்தி.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? கடைய மூடச் சொன்னாங்களா? தண்ணி தரமாட்டேன்னாங்களா?" என்று கேட்டாள் அறிவுமதி.

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"எழுதி ஒட்டுனாங்களா?"

"இல்ல."

அறிவுமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். "சாப்பிட வரலன்னு ஒருத்தர் மேல என்னன்னு கேஸ் போடறது" என்று மெதுவாகச் சொன்னாள். சட்டம் படித்த பெண் அப்படிச் சொன்னபோது, அவள் குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் கிடந்த முகம் செந்தாமரைக்கு ஞாபகம் வந்தது.

ஹம்தானும் விஷயம் தெரிந்து ஓடிவந்தான். கண்கள் சிவந்திருந்தன. "என்னாலதான்க்கா. நான் இன்னொரு வீடியோ போடறேன். நடந்தத அப்படியே சொல்றேன். நாடே பேசும்."

அறிவுமதி சரி என்றாள். புகழேந்திதான் தடுத்தான். "நாடு பேசட்டும் தம்பி. நாடு வந்து தெனம் மத்தியானம் இங்க சாப்பிடுமா? போலீஸ் வரும், கட்சிக்காரங்க வருவாங்க, ரெண்டு நாள் கூட்டமா சாப்பிட்டுப் போட்டோ புடிப்பாங்க. மூணாம் நாளு? இவ இந்தத் தெருவுல நடந்துதானே போகணும்."

ஹம்தான் அழுதான். செந்தாமரை அவனுக்குச் சோறு போட்டாள். அவனால் சாப்பிட முடியவில்லை.

மார்கழி பிறந்தபோது கார்களும் நின்றுவிட்டன. தேடிப்போய்ச் சாப்பிடுகிறவர்கள் வேறு எங்கோ, முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு இறால் கடையைத் தேடிப் போய்விட்டார்கள். செந்தாமரை ஒரு படி அரிசி குறைத்தாள், பிறகு இன்னொரு படி. விரால் வாங்குவதை நிறுத்தினாள். லாரிக்காரர்கள் சிலர் கடைசிவரை வந்தார்கள். அவர்களை மட்டும் நம்பி அடுப்பு எரிய முடியாது. சில நாள் மத்தியானம் அவளும் புகழேந்தியும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, இலை போட்டு, ஆக்கியதைச் சாப்பிட்டார்கள். ஊர் முழுக்க மணக்கிற குழம்பு. அதன் வாசனை உரக்கடை வரை போயிருக்கும். ரெத்தினத்தின் மூக்குக்கும் போயிருக்கும்.

பொங்கல் கழிந்து துரைராசு வந்தார். வெகுநாளைக்குப் பிறகு. ஆனால் பின்பக்கமாக, கொல்லை வழியாக வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி மதிவாணன். அவன் மன்னார்குடியில் ஏதோ வியாபாரம் செய்து கைவிட்டவன்.

"கோவப்படாமக் கேளு" என்றார் துரைராசு. "கடைய மதிவாணன் எடுத்துக்கட்டும். கல்லாவுல அவன் ஒக்காருவான், பரிமாற நம்ம ஆளுங்க. ஊரைப் பொறுத்தவரைக்கும் நீங்க காலி பண்ணிட்டீங்க. நீ உள்ள சமையல மட்டும் பாத்துக்க. விடியறதுக்குள்ள கொல்லைப் பக்கமா வந்துட்டு, கூட்டம் போனப்புறம் போயிடு. சம்பளம் உனக்கு நல்லபடியா."

"போர்டுகூட மாத்த வேணாம்" என்றான் மதிவாணன் சிரித்தபடி. "மதி மெஸ்தானே. எம்பேரும் மதிதான்."

புகழேந்தி எழுந்து வெளியே போய்விட்டான்.

"ஐயா வந்து சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் செந்தாமரை.

"வருவேன்."

"நாகம்மா அம்மாவுக்கு ரசம் போகுமா?"

துரைராசு தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். உண்மையாகவே யோசித்தாள். அந்த அடுப்பு அவள் உயரத்துக்கென்றே கட்டியது. எந்தப் பானை எவ்வளவு நேரத்தில் பொங்கும் என்று கைக்குத் தெரியும். வேறு எந்த வேலையையும் அவள் செய்ய ஆசைப்பட்டதில்லை. யார் கல்லாவில் உட்கார்ந்தால் என்ன, சமைப்பதுதானே என்று மனசு சொன்னது. சமைத்தால் அவர்கள் சாப்பிடுவார்கள். ரெத்தினம் சாப்பிடுவார். அதை நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் புகழேந்தியிடம் சொல்லிவிட்டாள்.

"போறதுன்னா போ" என்றான் அவன். "நான் குறுக்க நிக்கல. எனக்கு அங்க எடமில்ல. நான் மெட்ராஸ் போறேன்."

"தப்பா?"

"தப்பு ரைட்டெல்லாம் எனக்குத் தெரியலம்மா. என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான்."

இரண்டு நாள் கழித்து அவள் பதில் சொல்லக் கடைக்குப் போனாள். சரி என்று சொல்லத்தான் போனாள். மதிவாணன் அதற்குள் தச்சரை வைத்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே பலகை அடித்துவிட்டிருந்தான். தரையிலிருந்து ஓடு வரை. நடுவில், பாத்திரம் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்கும் உள்பக்கமாக ஒரு கதவு. கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த வெளிச்சம் முழுக்க அடைபட்டுப் போயிருந்தது. செந்தாமரை அடுப்பின் முன்னால் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தாள். இங்கே நின்றால் யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். யார் குழம்புக்காகச் சோற்றை ஒதுக்கி வைக்கிறார்கள், யார் இலையில் மீன் முள் மட்டும் மிச்சம், யாருக்கு உப்புக் குறைவாகப் பட்டிருக்கிறது எல்லாம் தெரியும். இப்போது மரப்பலகைதான் தெரிந்தது. புது மரத்தின் வாசனை அடித்தது.

பொந்தின் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

"ஒசரம் சரியா இருக்கா?" என்று கேட்டான் மதிவாணன் அந்தப் பக்கத்திலிருந்து.

"என்னால முடியாதுங்க" என்றாள்.

வீராப்பாகச் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது, ஒரு வேலை கிடைத்திருந்தது, அதையும் விட்டுவிட்டோம் என்றுதான் இருந்தது.

புகழேந்தி அம்பத்தூருக்குத் தனியாகப் போனான். அவர்கள் வண்டி நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பதாகவும், ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேஸ்திரியாகச் சேர்ந்திருப்பதாகவும் போனில் சொன்னான். இடம் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். செந்தாமரை அம்மா வீட்டில் இருந்தாள். நீலாம்பாள்தான் சமைத்தாள். செந்தாமரை போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். சம்பா அறுப்புக்கு மிஷின் வந்து ஊரெல்லாம் தூசியாக இருந்தது. அவள் யாரோடும் வயலுக்குப் போகவில்லை.

தெருவில் எல்லாரும் திட்டினார்கள், அவளுக்காக. சத்திரத்துக்காரர்களைச் சொல்லித் திட்டினார்கள். அவர்கள் திட்டத் திட்ட அவள் வீட்டுக்குள் போய்விடுவாள். திட்டுகிறவர்களின் பேச்சில் ரெத்தினமும் கண்ணுசாமியும் துரைராசுவும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். அவளுக்கு அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. யாருக்கு வால் துண்டு பிடிக்கும், யாருக்குத் தலை பிடிக்கும் என்று தெரியும். வெறுத்துவிட்டால் எளிதாக இருக்கும். அவள் முயற்சி செய்து பார்த்தாள், வரவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவுமதி வந்தாள். பட்டுக்கோட்டை கோர்ட்டுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு முந்தின நாள் சத்திரம் வழியாக பஸ்ஸில் வந்தாளாம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கடை ஓடுதும்மா. நல்ல கூட்டம். பட்டுக்கோட்டையிலேர்ந்து யாரையோ சமைக்க வச்சிருக்காங்க. எம்பேரு அப்படியே இருக்கு. கீழ புதுசா ஒரு தட்டி கட்டியிருக்கு, கிராமத்து வயல் நண்டு ரசம்னு."

"மாசியில நண்டேது" என்றாள் செந்தாமரை. பிறகு கேட்டாள். "ரெத்தினம் அண்ணன் இருந்தாரா?"

"பஸ்லேர்ந்து தெரியலம்மா."

"இருந்திருப்பாரு."

அறிவுமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நீ சமைம்மா. மீன் குழம்பு வையி. உன் கைச்சோறு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு."

நீலாம்பாள் குளத்தடியில் போய்க் கெண்டை வாங்கி வந்தாள். செந்தாமரை எழுந்து அடுப்புக்குப் போனாள். மீனை உரசிக் கழுவினாள், வெங்காயம் உரித்தாள், புளி கரைத்தாள். எல்லாவற்றையும் வரிசையாகத்தான் செய்தாள். மசாலா கொதிக்கிற வாசனை தெருவுக்குப் போனது. மகளுக்கு முதலில் தட்டு வைத்துச் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அறிவுமதி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கை ஒரு நொடி நின்றது. பிறகு இன்னொரு வாய் வைத்தாள்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டாள் செந்தாமரை.

"நல்லாருக்கும்மா."

"நான் இன்னும் வாயில வச்சுப் பாக்கல. உப்புப் போட்டேனா?"

அறிவுமதி தட்டைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் கம்மி. பரவாயில்லம்மா" என்றாள்.

செந்தாமரை சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பே இல்லை. உப்பு ஜாடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மகள் தலையைக் குனிந்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டு முடிக்கிற வரை, சுவரில் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.